கசிவு அல்ல

வால்டிவியாவில் ஜூன் மாதம்
குடை விற்பவனும் நனைந்துதான் நிற்பான்.
தகரக் கூரைகள் வாயை மூடுவதே இல்லை.
இந்த ஊரில் எனக்குச் சம்பளம்
மண்ணிலிருந்து தண்ணீர் எடுப்பதற்கு.

கடன் கேட்டு வங்கிக்குப் போனபோது
தொழில் என்ற கட்டத்தில் இதைத்தான் எழுதினேன்.
எதிரே இருந்தவள் ஜன்னலைப் பார்த்தாள்,
பிறகு என்னை.

கைப்பிடி மண்ணைக் கண்ணாடிக் குழாயில் இட்டு
உறையவைத்து, காற்றை உறிஞ்சி,
நூறு டிகிரிக்குச் சூடேற்ற வேண்டும்.
ஆவி வளைவுகளில் நடந்து போய்
திரவ நைட்ரஜனில் மூழ்கிய மறு குழாயில்
வெள்ளையாய் ஒட்டிக்கொள்ளும்.
நைட்ரஜன் நம்மோடு தங்காது,
கொதித்துக் கொதித்தே போய்விடும்.
இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை
யாராவது ஊற்ற வேண்டும்.
நான்கு குளிர்காலமாக
அந்த யாராவது நான்.

கல்லில் நார் உரிப்பவர்கள்கூட
இரவில் வீட்டுக்குப் போவார்கள்.

எனவே வால்வுகள் வாங்கினோம்.
மூடிப்போன பீர் ஆலையிலிருந்து மலிவாக வந்த முதல் ஆறும்
முதல் குளிரிலேயே விரிசல் விட்டன.
அடுத்தவற்றுக்கு டாக்டர் ஓயார்சூன்
தன் பயணப்படியைக் கொடுத்தார், முணுமுணுத்தபடி.
நெல்சன் கத்ரிலேஃப் கம்பிகளை இணைத்தான்.
நிரல் எழுத உட்கார்ந்தபோது கேட்டான்:
"யாஸ்னா, நீ எப்போது நிறுத்துவாய்?"
முடிந்ததும்.
"எப்போது முடியும்?"
கண்ணாடியில் மூட்டம் விலகும்,
குழாயின் கழுத்தில் விரல் வைத்தால்
ஒரு மாதிரி தெரியும்.
அவன் விசைப்பலகையைப் பார்த்தான்.
ஒரு மாதிரிக்கு அதில் எண் இல்லை.

கடைசியில் ஓர் அழுத்தத்தைக் குறித்தோம்.
அதற்குக் கீழே இறங்கிப் பத்து நிமிடம் அசையாதிருந்தால்
முடிந்தது.
மூன்று மணி நேரமாகியும் இறங்காவிட்டால்
கசிவு.
வால்வை மூடு, யாஸ்னாவை எழுப்பு.

அன்றிரவு என் கட்டிலில் படுத்தேன்.
தூக்கம் வரவில்லை. இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை
என் வலக்கை எதையோ தூக்கப் போனது.
இரண்டு நாற்பதுக்குச் செய்தி:
நான்காம் குழாய். கசிவு.

பாலத்தின் மேல் மழை படுக்கைவாட்டில் அடித்தது.
சைக்கிளில் விளக்கு இல்லை, பிரேக்கும் பாதிதான்.

ஒவ்வொரு மூட்டாகத் தடவினேன்.
வளையம் சரி, பிடிப்பு சரி, பசை சரி.
எங்கேயும் கசியவில்லை.
பிறகுதான் லேபிளைப் படித்தேன்:
கடற்கரை மலைத்தொடர், அலெர்சே மரத்தடி,
எண்பது சென்டிமீட்டர் ஆழம், களிமண்.

அது இன்னும் கொடுத்துக்கொண்டிருந்தது.
அவ்வளவுதான்.

லேசான நீர் முந்திக்கொண்டு ஓடும்.
கனமான நீர் கடைசியில்தான் எழுந்து வரும்,
அதுவும் களிமண்ணின் பிடியிலிருந்து.
அந்த மரம் எந்த மழையைக் குடிக்கிறது என்பதுதான் கேள்வி.
பாதியில் மூடியிருந்தால்
குளிர்கால மழை என்று சொல்லியிருப்போம்,
மூன்று தசமத் துல்லியத்தோடு
பொய்.

வால்வைத் திறந்துவிட்டு உட்கார்ந்தேன்.
இயந்திரம் தானே ஊற்றியது, நேரம் தப்பாமல்,
ஒரு சொட்டும் தரையில் சிந்தாமல்.
எனக்குக் கொஞ்சம் பொறாமை.
ஆறரை மணி நேரம் எடுத்தது நான்காம் குழாய்.

விடியுமுன் ஒரு வரியைத் திருத்தினேன்.
'கசிவு' என்பதை அழித்து
'இன்னும் தருகிறது' என்று எழுதினேன்.
'வால்வை மூடு' என்பதையும் எடுத்தேன்.
'யாஸ்னாவை எழுப்பு' என்பதை
அப்படியே விட்டேன், ஏனென்று தெரியவில்லை.

காலையில் நெல்சன் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே சிரித்தான்.
எல்லா எண்களும் ஒழுங்காக இருந்தன, ஓரிடம் தவிர:
இரண்டு ஐம்பத்தெட்டு,
அறையில் திடீரென ஈரப்பதம் உயர்வு,
காரணம் தெரியவில்லை.

என் மேலங்கி கதவருகே தொங்கியது,
அடியில் ஒரு சிறு குளம்.